ஆர்டரின் பேரில் ஆரி ஒர்க் பிளவுஸ்: முதல் மெசேஜிலிருந்து கூரியர் வரை பணம் வாங்கும் முறை

ரெடிமேட் சுடிதார் விற்பவரிடம் ஒரு கஸ்டமர் பின்வாங்கினால் அந்தச் சுடிதாரை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். ஆரி ஒர்க், அதாவது ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் எம்ப்ராய்டரி போட்ட பிளவுஸில் அது நடக்காது. ஒருவருடைய அளவு, ஒருவருடைய புடவை பார்டரின் நிறம், சில சமயம் முதுகில் மணமக்கள் பெயர் வேறு. அவர் வேண்டாம் என்றால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் பணம் வாங்கும் முறையும் ரெடிமேட் கடையைப் போல இருக்க முடியாது.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்து, வீட்டிலோ சின்ன யூனிட்டிலோ வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரி வகுப்பு முடித்து ஆர்டர் எடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறார்கள். எப்போது, எவ்வளவு கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே விதியைச் சுற்றி வருபவை: ஆரி முடியும்வரை எந்தக் கட்டத்திலும் உங்கள் கையிலிருந்து போன செலவு, கஸ்டமரிடமிருந்து வந்த பணத்தைத் தாண்டக் கூடாது. நடக்கப்போகும் வேலைக்கு மிஞ்சிய பணத்தையும் அவரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கக் கூடாது.

1. தொழிலுக்கு ஒரு தனிக் கணக்கு

முதல் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வீட்டுச் செலவு, சீட்டுப் பணம், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஓடும் கணக்கிலேயே அட்வான்ஸும் வந்தால், மாதக் கடைசியில் எது யாருடைய பணம் என்று பிரிக்க முடியாது.

கணவர் அல்லது அண்ணன் நம்பரில் இருக்கும் ஜிபேயைக் கொடுப்பது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. பணம் வந்த மெசேஜ் அவர் போனுக்குப் போகும், அவர் வேலையில் இருப்பார். இங்கே கஸ்டமர் "அனுப்பிட்டேன் சிஸ்டர், வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தவிர, அனுப்பும்போது திரையில் தெரியாத ஒரு ஆண் பெயர் வந்தால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் பெயரிலோ கடைப் பெயரிலோ பிசினஸ் க்யூஆர் வாங்கிக்கொள்ளுங்கள். க்யூஆரை அனுப்பும்போதே, "ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வரும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கட்டணம் இல்லை. கார்டில் கட்ட விரும்புபவர்களுக்கு மட்டும் ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற கேட்வேயின் (கார்டு பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும் நிறுவனம்) பேமெண்ட் லிங்க் அனுப்பலாம். அங்கே சுமார் 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 4,800 ரூபாய் ஆர்டரில் 113 ரூபாய் போகும். அந்தப் பணம் கணக்குக்கு வரவும் பொதுவாக இரண்டு வேலை நாட்கள் ஆகும். அதை நம்பி அன்றைக்கே பீட்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள்.

2. விலை சொல்வதற்கு முன் செலவைப் பிரித்துப் பாருங்கள்

பலர் மொத்த விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு "பாதி அட்வான்ஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி என்பது ஒரு பழக்கம்தான், கணக்கு கிடையாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

கஸ்டமர் அனுப்பும் பட்டு பிளவுஸ் பிட்டில் இரண்டு கை, முன் கழுத்து, பின் கழுத்து ஒர்க். விலை 4,800 ரூபாய். இதில் ஜரி நூல், கட் பீட்ஸ், கல் எல்லாம் 750. ஆரி போடுபவருக்குக் கூலி 1,900. லைனிங்கும் தையலும் 650. பேக்கிங், கூரியர் 150. மிச்சம் 1,350 உங்களுடையது. ஆரியை நீங்களே போட்டாலும் 1,900 கூலியைத் தனியாக எழுதுங்கள். பலர் தங்கள் உழைப்பைச் செலவில் சேர்ப்பதே இல்லை. கஸ்டமர் பின்வாங்கும்போதுதான் எத்தனை ராத்திரி வேலை போயிற்று என்று தெரிகிறது.

இப்போது ஒரு கேள்வி: எந்தக் கட்டத்தில் உங்கள் செலவில் பெரும்பகுதி போயிருக்கும்? ஆரி முடிந்து ஃபிரேமிலிருந்து துணியை எடுக்கும் நேரம். அதுவரை 750 கூட்டல் 1,900, ஆக 2,650 ரூபாய் போயிருக்கும். பாதி அட்வான்ஸ் என்றால் கையில் இருப்பது 2,400. இங்கேயே 250 ரூபாய் துண்டு விழுகிறது. கனமான ஜர்தோசி (உலோகச் சுருள் கம்பி வைத்துத் தைக்கும்) வேலையில் கூலி ஏற ஏற இந்தத் துண்டு இன்னும் பெரிதாகும். எளிய நூல் வேலைக்கோ பாதிக்கும் குறைவான அட்வான்ஸே போதும்.

ஆகவே இந்த ஆர்டரை மூன்றாகப் பிரிக்கலாம்: டிசைன் வரைய 300, ஃபிரேமில் மாட்டுவதற்கு முன் 2,400, அனுப்புவதற்கு முன் 2,100. டிசைன் தொகை மொத்த விலையிலேயே கழிந்துவிடும். முதல் இரண்டு தவணையும் சேர்ந்து 2,700 வருவதால் அந்தக் கட்டம்வரை போகும் செலவு முழுக்க மூடப்படுகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே கணக்குப் போடுங்கள்.

3. பணம் கேட்பதற்கு முன் ஆர்டர் சீட்டு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவசரத்தில் பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். நாற்பது வாய்ஸ் மெசேஜிலும் பத்துப் படங்களிலும் சிதறிக் கிடக்கும் பேச்சை ஒரே மெசேஜில் எழுதி அனுப்ப வேண்டும். பின்னாளில் தகராறு வந்தால் இரண்டு பேரும் பார்க்கப்போவது இந்த ஒரு மெசேஜைத்தான். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அக்கா. ஆர்டர் எண் 47.
துணி: நீங்கள் அனுப்பும் மெரூன் பட்டு பிளவுஸ் பிட்.
டிசைன்: நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம். கையில் மயில் வேண்டாம், மாங்காய்.
வேலை: இரண்டு கை, முன் கழுத்து, பின் கழுத்து. ஜரி, கட் பீட்ஸ், கல். ஜர்தோசி இல்லை.
அளவு: நீங்கள் அனுப்பும் அளவு ஜாக்கெட்படி.
விலை: 4,800 ரூபாய், தையலும் கூரியரும் சேர்த்து.
பணம்: டிசைனுக்கு 300. வேலை தொடங்கும் முன் 2,400. முடிந்த வீடியோ பார்த்தபின், அனுப்பும் முன் 2,100.
நாள்: துணி, அளவு ஜாக்கெட், அட்வான்ஸ் மூன்றில் கடைசியாக வருவது வந்த நாளிலிருந்து 20 நாள்.
பணம் திரும்பத் தர நேர்ந்தால் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போகும்.
எல்லாம் சரியாக இருந்தால் 'சரி' என்று பதில் போடுங்க அக்கா."

இதில் இரண்டு வரிகளை விளக்க வேண்டும். "ஜர்தோசி இல்லை" என்று இல்லாததையும் எழுதுவது, கஸ்டமர் அனுப்பிய படத்தில் ஜர்தோசி இருந்திருக்கலாம் என்பதால். இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டி "அதே மாதிரி" என்று கேட்பவர், விலைக்காக எதை விட்டோம் என்பதை மறந்துவிடுவார். அது இயல்புதான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, எழுதி வைப்பது நம் வேலை.

இன்னொன்று நாள் கணக்கு. "20 நாளில் தருவேன்" என்று மட்டும் சொன்னால், பேசிய நாளிலிருந்தே அவர் எண்ணத் தொடங்குவார். அளவு ஜாக்கெட் பத்து நாள் கழித்து வந்து சேரும். முகூர்த்தத் தேதியோ நகராது. தேதியைக் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு வாரம் முன்பு பிளவுஸ் அவர் கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். கை இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தைக்க அந்த ஒரு வாரம் தேவைப்படும்.

"சரி" என்ற பதில் வராமல் க்யூஆர் அனுப்பாதீர்கள். பணம் முதலில் வந்து சீட்டு பிறகு போனால், சீட்டில் உள்ள எதையும் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

4. டிசைன் தொகை

300 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் சும்மா விசாரிப்பவரையும் உண்மையில் ஆர்டர் தருபவரையும் அது பிரித்துக் காட்டிவிடும். இது இல்லாமல் டிரேசிங் பேப்பரில் நாலு டிசைன் வரைந்து படம் அனுப்பினால், அந்தப் படம் பக்கத்துத் தெரு டெய்லரிடம் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். இத்தனை திருத்தம் வரை இந்தத் தொகைக்குள் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு திருத்தம் நியாயமானது.

5. பணம் வந்ததை உறுதி செய்தல்

ஸ்க்ரீன்ஷாட் என்பது பணம் இல்லை. பச்சை டிக் போட்ட படத்தைப் போலியாக உருவாக்கித் தரும் ஆப்கள் உண்டு. கஸ்டமர் நேர்மையானவராகவே இருந்தாலும் பணம் பெண்டிங்கில் நின்று பிறகு அவர் கணக்குக்கே திரும்பியிருக்கலாம். எனவே பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: உங்கள் வங்கி ஆப்பில் வரவுப் பட்டியல். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு, யுடிஆர் என்பார்கள். கஸ்டமர் அனுப்பிய படத்தில் உள்ள எண் உங்கள் பட்டியலிலும் இருக்க வேண்டும். இருந்தால் அதன் கடைசி நான்கு இலக்கங்களை ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, "2,400 வந்துவிட்டது அக்கா, ஆர்டர் 47, மீதி 2,100" என்று பதில் போடுங்கள். மீதித் தொகையை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டால் கடைசியில் கேட்கும்போது அது புதிதாகத் தோன்றாது.

பணம் வாங்குவதற்கு உங்கள் யுபிஐ பின் நம்பரைப் போடவே தேவையில்லை. "இந்த லிங்கில் பின் போட்டால் அட்வான்ஸ் வந்துவிடும்" என்று யார் சொன்னாலும் அது மோசடிதான்.

இன்னொரு வகை மோசடியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அட்வான்ஸ் வாங்கும் தொழில்களைத் தேடி வருகிறது. 2,400 கேட்ட இடத்தில் 24,000 வரும். "தவறுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தை இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்று அனுப்பியவர் பதறுவார். சில சமயம் பணமே வந்திருக்காது, வங்கி மெசேஜ் போல ஒரு போலி எஸ்எம்எஸ் மட்டும் வந்திருக்கும். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் அது வேறொருவரை ஏமாற்றி எடுத்ததாக இருக்கலாம். பறிகொடுத்தவர் 1930 எண்ணில் சைபர் க்ரைமுக்குப் புகார் செய்தால், அந்தப் பணம் கடந்துபோன கணக்குகளை முடக்குவார்கள், உங்களுடையதும் அதில் ஒன்று. அதனால் வேறு நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் வங்கியிடம் எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே திரும்பிப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். தனிக் கணக்கு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முடங்கினாலும் வீட்டுச் செலவுப் பணம் தப்பிக்கும்.

6. துணி வந்ததும்

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். லேபிளில் தொடங்கி, பிட்டை விரித்து வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் காட்டுங்கள். பட்டுப் பிட்டில் ஏற்கெனவே நூல் இழுத்த இடம் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரம் புடவையிலிருந்து வெட்டிய பிட்டுக்கு மாற்றுத் துணி கிடைக்காது. அது கெட்டுப்போனால் உங்கள் 4,800 ரூபாய் விலைக்குள் அந்தப் பேச்சு முடியாது.

துணியும் அட்வான்ஸும் இரண்டும் வந்தபிறகே ஃபிரேமில் மாட்டுங்கள். "துணி வந்துடுச்சு, நாளைக்குப் பணம் போடுறேன், நீங்க ஆரம்பிங்க" என்பது இந்தத் தொழிலில் தினமும் கேட்கும் வாக்கியம். "பணம் வந்த அன்றைக்கே ஆரம்பிச்சுடறேன் அக்கா, அதுவரை உங்க வரிசையை யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

7. நடுவில் மாற்றம் கேட்டால்

கை ஒர்க் போய்க்கொண்டிருக்கும்போது "முதுகில் பேரும் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். மாற்றம் என்ன, கூடுதல் எவ்வளவு, நாள் எத்தனை தள்ளும் என்று மூன்று வரி எழுதி, "சரி" வாங்கி, கூடுதல் தொகையை அப்போதே வாங்கிவிடுங்கள். கடைசி பில்லில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 2,100 எதிர்பார்த்தவரிடம் 2,900 கேட்க வேண்டி வரும். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

8. மீதிப் பணம், அப்புறம்தான் கூரியர்

பிளவுஸ் முடிந்ததும் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். ஃபில்டர் போடக் கூடாது. மார்பு, இடுப்பு, கைநீளம், கைச்சுற்று ஆகியவற்றை அளவு ஜாக்கெட்டோடு பக்கத்தில் வைத்து டேப்பில் காட்டுங்கள். அவர் பார்த்து ஒப்புக்கொண்டபின் மீதியைக் கேளுங்கள். பார்க்காத பொருளுக்கு முழுப் பணம் கேட்டால் தயங்குவார், அது நியாயமான தயக்கம்.

கேஷ் ஆன் டெலிவரி இந்தப் பொருளுக்கு ஒத்துவராது. வீட்டில் ஆள் இல்லாமல் பார்சல் திரும்பினால் போக வர கூரியர் கட்டணம் உங்கள் தலையில் விழும், முகூர்த்தமும் தாண்டிவிடும். தெரிந்தவர்களுக்குக் "கல்யாணம் முடிஞ்சு மெதுவா குடுங்க" என்று சொல்வதும் வேண்டாம். இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு, பிறர் பொருளில் உழைப்பைப் போட்டவர் கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவில் வரும் உதாரணங்களில் ஒன்று தையல்காரரைப் பற்றியது. மூன்று மாதம் கடன் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால், பணம் வரவில்லை என்று துணியைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. "மெதுவா குடுங்க" என்ற ஒரு வார்த்தை அந்த உரிமையை உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தருபவர்களுக்குப் பெரும்பாலும் சென்னையிலோ மதுரையிலோ உள்ள சொந்தக்காரர்தான் யுபிஐயில் பணம் கட்டுவார். அப்படியானால் யார் கட்டுகிறார், எந்த ஆர்டருக்கு என்பதை இருவரிடமும் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். பேபால் என்றால், அங்கே பணம் கட்டியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். அதுவரை எல்லா வீடியோவும் கையில் இருக்க வேண்டும்.

9. கேன்சல் செய்தால்

"அட்வான்ஸ் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது" என்று இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்த ஒரு வரி போதாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் உண்மையான செலவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இரண்டாவது படியில் போட்ட கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

டிசைன் வரையவே தொடங்கவில்லை என்றால் 300 ரூபாயையும் திருப்பிவிடுங்கள். வரைந்தாகிவிட்டது, துணி ஃபிரேமில் ஏறவில்லை என்றால் 300 மட்டும் உங்களுக்கு, 2,400 அவருக்கு. அவருடைய நிறத்துக்கென்றே வாங்கிய பீட்ஸ் வேறு எதற்கும் உதவாது என்றால், பில்லைக் காட்டி அதைக் கழிக்கலாம். ஒரு கை முடிந்த நிலையில் நிறுத்தினால், போட்ட வேலைக்கான கூலியும் பொருளும் கழித்து மிச்சத்தைக் கொடுங்கள், துணியையும் திருப்பி அனுப்புங்கள். முழுவதும் முடிந்தபின் மனம் மாறினால் பணம் திரும்பாது. இந்த நான்கு கட்டங்களையும் ஆர்டர் சீட்டோடு இணைத்து அனுப்பிவிட்டால் பிறகு பேரம் பேச இடமே இருக்காது.

தவறு உங்களுடையது என்றால் கதை வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் சொன்ன தன்மையில் இல்லாத பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பவும் மறுக்கக் கூடாது. "கஸ்டமைஸ்டு என்பதால் ரிட்டர்ன் கிடையாது" என்ற பலகை அதிலிருந்து காப்பாற்றாது. மாங்காய் கேட்ட இடத்தில் மயில் வந்திருந்தால் உங்கள் செலவில் சரி செய்யுங்கள், முடியாவிட்டால் பணத்தைக் கொடுங்கள்.

கார்டில் பணம் கட்டியவர் தன் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு, சார்ஜ்பேக் என்பார்கள். கேட்வேயிலிருந்து கெடு தேதியோடு ஒரு மெயில் வரும். பதில் போடாவிட்டால் பணம் போய்விடும். ஆர்டர் சீட்டு, அவருடைய "சரி", முடிந்த வீடியோ, கூரியர் டெலிவரி ஆதாரம் நான்கையும் ஆர்டர் எண் பெயரில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

10. ஜிஎஸ்டி

துணி யாருடையது என்பதைப் பொறுத்து இது மாறும். கஸ்டமரின் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை, பெங்களூருக்கு அனுப்பினாலும் சரி. உங்கள் துணியில் பிளவுஸ் செய்து விற்பது பொருள் விற்பனை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். வெளிமாநிலத்துக்கு விற்றால், அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு உள்ள விலக்கைத் தவிர, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். பதிவு செய்தவர்கள் கவனிக்க: சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கும்போதே வரி உண்டு. பொருளுக்கான அட்வான்ஸுக்கு பில் போடும்போதுதான். இரண்டும் கலந்து செய்பவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

11. நோட்டில் இரண்டு பத்தி

பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு நோட்டில் ஆர்டர் எண், பெயர், மொத்தம், வந்தது, மீதி, யுடிஆர் கடைசி நான்கு இலக்கம், கட்டம் என்று எழுதுங்கள். அதன் கீழே இரண்டு பத்தி: "வேலை முடிந்த பணம்", "வேலை முடியாத பணம்". அட்வான்ஸ் எல்லாம் இரண்டாவது பத்தியில்தான் இருக்க வேண்டும். பிளவுஸ் கஸ்டமர் கைக்குப் போனபிறகே முதல் பத்திக்கு மாற்றுங்கள்.

வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்தில் பதினைந்து ஆர்டருக்கு அட்வான்ஸ் சேர்ந்தால் கணக்கில் 40,000 ரூபாய் நிற்கும். அதைப் பார்த்துப் புது மெஷின் வாங்கிவிட்டு, பிறகு ஆரி அக்காவுக்குக் கூலி கொடுக்க அடுத்த கஸ்டமரின் அட்வான்ஸை எடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தச் சங்கிலியில் ஒருவர் கேன்சல் செய்தாலே திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது. சனிக்கிழமை தோறும் இரண்டாவது பத்தியைக் கூட்டிப் பாருங்கள். அதில் பொருளுக்கும் கூலிக்கும் ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துவிட்டு, மிச்சத் தொகை வங்கியில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். குறைந்தால் அந்த வாரம் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்தி, ஃபிரேமில் இருப்பதை முதலில் முடித்து அனுப்புங்கள்.